டீ பார்ட்டியும் வரித்துறையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் ஏதாவது ஓர் அமைப்பின் வரிவிலக்கைப் பறிக்கப்போவதாகப் பேச்சு வந்தால் போதும், யாராவது ஒருவர் 2013இல் நடந்த விவகாரத்தை இழுத்துவிடுவார். ஒரு தரப்புக்கு அது ஒபாமா அரசு எதிரிகளை வேட்டையாடிய கதை. இன்னொரு தரப்புக்கு அது ஊதிப் பெரிதாக்கிய கதை. இரண்டும் முழுக் கதை இல்லை. அடிக்கடி வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

நடந்தது என்ன? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

முடியும். அமெரிக்காவின் வரித்துறைக்குப் பெயர் ஐ.ஆர்.எஸ். (நம் ஊர் வருவாய்ப் பணி அதிகாரிகளோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) 2010 முதல் 2012 வரை வரிவிலக்கு கேட்டு வந்த விண்ணப்பங்களில், பெயரில் 'டீ பார்ட்டி', 'பேட்ரியட்', '9/12' போன்ற சொற்கள் இருந்தவற்றை அது தனியாக எடுத்துவைத்தது. (வரியும் அரசுச் செலவும் குறைய வேண்டும் என்று கிளம்பிய வலதுசாரி இயக்கம்தான் டீ பார்ட்டி. மற்றவையும் அதே பக்கத்து அமைப்புகள் வைத்துக்கொண்ட பெயர்கள்.) மாதக்கணக்கில், சிலவற்றை ஆண்டுக்கணக்கில், கிடப்பில் போட்டது. கேட்கக்கூடாத கேள்விகளையும் கேட்டது. 2013 மே மாதம் விஷயம் வெளியே வந்தது. துறையின் தற்காலிகத் தலைவர் பதவி விலகினார், நாடாளுமன்றக் குழுக்கள் விசாரித்தன, வழக்குகள் வந்தன. கடைசியில் 2017இல் அரசு மன்னிப்புக் கேட்டது. யார் மீதும் குற்றவழக்கு பதிவாகவில்லை.

வரி வசூலிக்கும் துறைக்கு அரசியலில் என்ன வேலை?

விலக்கு கொடுப்பதும் அந்தத் துறையின் வேலைதான். அமெரிக்க வரிச் சட்டத்தின் 501(சி) பிரிவில் பல வகை அமைப்புகளுக்கு வருமான வரி கிடையாது. நமக்கு வேண்டியது இரண்டு வகை.

501(சி)(3) என்பது தர்ம ஸ்தாபனம், பள்ளி, தேவாலயம், கோயில் போன்றவை. இவற்றுக்குக் கொடுக்கும் நன்கொடையைக் கொடுத்தவர் தன் வரியில் கழித்துக்கொள்ளலாம். அதற்குப் பதிலாக ஒரு கடும் நிபந்தனை உண்டு: எந்த வேட்பாளரையும் ஆதரித்தோ எதிர்த்தோ வேலை செய்யக்கூடாது. 1954இல் செனட்டராக இருந்த லிண்டன் ஜான்சன் கொண்டுவந்த திருத்தம் அது.

501(சி)(4) என்பது 'சமூக நல' அமைப்பு. நன்கொடைக்கு வரிக்கழிவு கிடையாது. ஆனால் ஓரளவு தேர்தல் வேலை செய்யலாம், பணம் கொடுத்தவர் பெயரைப் பொதுமக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முழுநேரத் தேர்தல் வேலை செய்பவர்களுக்கு 527 என்று வேறு ஒரு பிரிவு இருக்கிறது. அதிலும் வரிவிலக்கு உண்டு, ஆனால் நன்கொடையாளர் பட்டியலை வெளியிட்டாக வேண்டும்.

இப்போது புரிந்திருக்கும். பெயர் வெளியே வராமல் அரசியலுக்குப் பணம் கொடுக்க விரும்புகிறவருக்கு (சி)(4) வசதியான வாசல். அந்த வாசலில் நின்று, உள்ளே போகிறவர் செய்வது சமூக நலமா, தேர்தல் வேலையா என்று பார்க்கும் பொறுப்பு வரி அதிகாரியிடம் வந்து விழுந்துவிட்டது.

'ஓரளவு' என்றால் எவ்வளவு?

இந்த விவகாரத்தின் வேர் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. சட்டம் சொல்வது, இந்த அமைப்புகள் சமூக நலனுக்காக 'மட்டுமே' இயங்க வேண்டும் என்று. 1959இல் கருவூலத் துறை எழுதிய விதி, 'முதன்மையாக' அதற்காக இயங்கினால் போதும் என்றது. முதன்மையாக என்றால் பாதிக்கு மேலா? எதில் பாதி, செலவிலா, நேரத்திலா, தன்னார்வலர்களின் உழைப்பிலா? விதியில் இல்லை. வழக்கறிஞர்கள் 49 சதவீதம் வரை போகலாம் என்று தைரியமாக ஆலோசனை சொன்னார்கள். அதிகாரிகளோ ஒவ்வொரு கோப்பையும் 'சூழ்நிலைகள் அனைத்தையும் பார்த்து' முடிவெடுக்க வேண்டியிருந்தது. ஒரு அதிகாரிக்குச் சமூக நலமாகத் தெரிவது பக்கத்து மேஜைக்காரருக்குத் தேர்தல் பிரசாரமாகத் தெரியலாம். எழுதிவைத்த அளவுகோல் இல்லாத இடத்தில் குறுக்குவழி தானாக முளைக்கும். சின்சினாட்டியில் முளைத்தது.

2010இல் ஏன் இது தொடங்கியது?

அந்த ஆண்டு ஜனவரியில் 'சிட்டிசன்ஸ் யுனைடெட்' வழக்கில் உச்ச நீதிமன்றம், நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் தேர்தலில் வேட்பாளரோடு சேராமல் தனியாகச் செலவு செய்வதைத் தடுக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. அதற்கு முந்தைய ஆண்டிலிருந்தே டீ பார்ட்டி இயக்கம் ஊருக்கு ஊர் கிளைவிட்டுக்கொண்டிருந்தது. ஆகவே விண்ணப்பங்கள் குவிந்தன, துறை திணறியது என்பதுதான் பின்னாளில் அதிகாரிகள் சொன்ன சமாதானம்.

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. (சி)(4) விண்ணப்பங்கள் 2009 நிதியாண்டில் 1,751, 2010இல் 1,735. கூடவே இல்லை, கொஞ்சம் குறைந்துதான் இருக்கிறது. 2011இல் 2,265, 2012இல் 3,357 என்று ஏறியது உண்மை. ஆனால் பெயரைப் பார்த்துப் பிரிக்கும் பழக்கம் அந்த ஏற்றத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. விண்ணப்பக் குவியலைக் காரணம் காட்டியது எனக்கு அப்போதும் ஒப்பவில்லை, இப்போதும் ஒப்பவில்லை.

சின்சினாட்டி அலுவலகத்தில் உண்மையில் என்ன செய்தார்கள்?

நாடு முழுவதிலிருந்தும் வந்த வரிவிலக்கு விண்ணப்பங்கள் அப்போது ஒஹாயோ மாநிலத்தின் சின்சினாட்டிக்குத்தான் போயின. 2010 பிப்ரவரியில் அங்கே ஒரு ஊழியர் கையில் டீ பார்ட்டி அமைப்பு ஒன்றின் விண்ணப்பம் சிக்கியது. பத்திரிகைகளில் அடிபடும் பெயர், மேலிடத்துக்குச் சொல்லிவிடுவோம் என்று அனுப்பினார். அரசு அலுவலகத்தில் எவரும் செய்யக்கூடிய காரியம். மேலிடம், இதேபோல் வேறு இருக்கிறதா என்று தேடச் சொன்னது. தேடுவதற்கு எளிய வழி பெயர்.

அந்த ஆண்டு ஆகஸ்டில் அது ஒரு எக்செல் கோப்பில் ஏறியது. 'கண்ணில் பட்டால் கவனி' என்ற பொருளில் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதை 'போலோ' பட்டியல் என்றார்கள். விண்ணப்பத்தைப் பிரித்துப் பார்க்கும் ஊழியர்கள் அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டு, பொருந்தினால் ஒரு தனிக் குழுவுக்குத் தள்ளிவிட வேண்டும். அந்தக் குழு வாஷிங்டனிலிருந்து வழிகாட்டுதல் வரட்டும் என்று காத்திருந்தது. வாஷிங்டன் தாமதித்தது. கோப்பு நகரவில்லை.

2011 ஜூனில் வரிவிலக்குப் பிரிவின் இயக்குநர் லோயிஸ் லெர்னருக்கு இது தெரியவந்தது. பெயரை வைத்துப் பிரிக்காதீர்கள், பொதுவாக எழுதுங்கள் என்று மாற்றச் சொன்னார். மாற்றினார்கள். ஆனால் 2012 ஜனவரியில் கீழே இருந்தவர்கள் மறுபடி திருத்தி, 'அரசாங்கத்தின் அளவைக் குறைப்பது அல்லது கூட்டுவது', 'அரசியலமைப்புச் சட்டத்தைக் கற்பிப்பது' என்று எழுதிவைத்தார்கள். பெயர் போய்க் கொள்கை வந்தது, அவ்வளவுதான். 2012 மே மாதம்தான் அதுவும் நீக்கப்பட்டது.

என்ன மாதிரிக் கேள்விகள் கேட்டார்கள்?

வரித்துறையைக் கண்காணிக்கும் தலைமை ஆய்வாளர் பின்னர் 170 கடிதங்களைப் பார்த்தபோது 98இல் தேவையற்ற கேள்விகள் இருந்தன. நன்கொடை கொடுத்தவர்கள் யார் யார்? உங்கள் நிர்வாகிகளில் யாராவது தேர்தலில் நிற்கப்போகிறார்களா? கூட்டத்தில் பேச வந்தவர் எந்தக் கட்சி? எந்தெந்தப் பிரச்சினைகள் உங்களுக்கு முக்கியம், அவற்றில் உங்கள் நிலைப்பாடு என்ன? கூட்டத்தில் என்ன பேசிக்கொண்டீர்கள்?

ஒரு சிற்றூரில் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து நடத்தும் அமைப்பை நினைத்துக்கொள்ளுங்கள். ஓராண்டுக்கு மேல் அரசிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. திடீரென்று பக்கம் பக்கமாகக் கேள்விகள் வருகின்றன. இரண்டு மூன்று வாரத்தில் பதில் வேண்டும் என்கிறார்கள். (பின்னர் அவகாசத்தை நீட்டினார்கள்.) வக்கீல் வைக்கக் காசில்லை. நன்கொடையாளர் பெயரைக் கொடுத்தால் அடுத்த முறை அவர் கொடுக்க மாட்டார். பலர் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள் என்றால் ஆச்சரியமில்லை.

ஆனால் எந்த விண்ணப்பத்தையும் நிராகரிக்கவில்லை என்கிறார்களே?

உண்மை. ஆய்வாளர் எடுத்துக்கொண்ட 296 விண்ணப்பங்களில், 2012 டிசம்பர் நிலவரப்படி 108க்கு அனுமதி, 28 திரும்பப் பெறப்பட்டவை, நிராகரிப்பு பூஜ்யம். மீதி 160 அப்படியே கிடந்தன. அதில் குறைந்தது 206 நாள், அதிகபட்சம் 1,138 நாள். சில அமைப்புகள் இரண்டு தேர்தலைக் காத்திருந்தே கழித்தன.

நிராகரித்திருந்தால் மேல்முறையீடு செய்யலாம், நீதிமன்றம் போகலாம். ஆம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் வைத்திருந்தால் எங்கே போவது? தாலுகா ஆபீசில் பட்டாவுக்கு அலைந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

(சி)(4)க்கு விண்ணப்பமே தேவையில்லையாமே?

சட்டப்படி அப்போது தேவையில்லைதான். தாங்களே அறிவித்துக்கொண்டு, ஆண்டு முடிவில் கணக்குப் படிவம் கொடுத்தால் போதும். பெரிய ஆட்கள் அதைத் தெரிந்து வைத்திருந்தார்கள். குடியரசுக் கட்சி வியூகர் கார்ல் ரோவ் உருவாக்க உதவிய 'கிராஸ்ரோட்ஸ் ஜி.பி.எஸ்.' 2010இல் விண்ணப்பித்தது, அனுமதி வந்தது 2015இல். இடையில் கோடிக்கணக்கான டாலரைத் தேர்தல்களில் அது இறைத்தது. யாரும் தடுக்கவில்லை. எழுத்தில் ஒரு கடிதம் இருந்தால் நிம்மதி என்று நினைத்த சின்ன அமைப்புகள்தான் மாட்டிக்கொண்டன. இந்த முழு விவகாரத்திலும் எனக்கு மிகவும் எரிச்சல் தருவது இதுதான்.

இடதுசாரி அமைப்புகளைத் தொடவே இல்லையா?

தொட்டார்கள். பட்டியலின் வேறு தாள்களில் 'புரோகிரசிவ்' (முற்போக்கு), வால் ஸ்ட்ரீட்டில் முகாமிட்டுப் போராடிய 'ஆக்குபை' இயக்கம், ஏழைகளுக்காக இயங்கிக் கலைக்கப்பட்ட ஏகார்ன் அமைப்பின் வாரிசுகள் போன்ற குறிப்புகள் இருந்தன. தலைமை ஆய்வாளரின் முதல் அறிக்கை இதைப் பேசவில்லை. 2017இல் அவரே இன்னொரு அறிக்கையில் விரிவாக எழுதினார். ஜனநாயகக் கட்சிப் பெண்களுக்குத் தேர்தலில் நிற்கப் பயிற்சி தரும் 'எமெர்ஜ்' அமைப்பின் சில மாநிலக் கிளைகளுக்கு 2011இல் விலக்கே மறுக்கப்பட்டது.

அதற்காக இரண்டும் சமம் என்று சொல்லிவிட முடியாது. 2010-12 காலத்தில் தனிக் குழுவுக்குத் தள்ளப்பட்ட 298 விண்ணப்பங்களில் 96, பெயரிலேயே டீ பார்ட்டி, பேட்ரியட், 9/12 என்று இருந்தவை. நெருக்கடி எந்தப் பக்கம் கூடுதல் என்பதில் சந்தேகமில்லை.

வெள்ளை மாளிகை சொல்லித்தான் நடந்ததா?

அப்படி ஓர் ஆதாரமும் கிடைக்கவில்லை. தலைமை ஆய்வாளர், செனட் நிதிக்குழு, பிரதிநிதிகள் சபையின் குழுக்கள், நீதித்துறை என்று பலரும் தோண்டிப் பார்த்தார்கள். 2015 அக்டோபரில் நீதித்துறை வழக்கை மூடியபோது, மோசமான நிர்வாகம், தவறான முடிவுகள், அலுவலக மெத்தனம் ஆகியவை இருந்தன, குற்றம் இல்லை என்றது. நீதித்துறையும் ஒபாமா அரசுக்குக் கீழேதானே என்று குடியரசுக் கட்சியினர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் 2017இல் டிரம்ப் அரசின் நீதித்துறை மறுபடி பார்த்துவிட்டு, லெர்னர் மீது வழக்குப் போட முகாந்திரம் இல்லை என்றே சொன்னது.

ஒபாமாவும் தன் பங்குக்குக் காரியத்தைக் கெடுத்துக்கொண்டார். 2013 மே மாதம் இது மன்னிக்க முடியாதது என்று கோபப்பட்டவர், விசாரணை முடியும் முன்பே 2014 பிப்ரவரியில் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், ஒரு துளி ஊழல்கூட இல்லை என்றார். எதிர்த்தரப்புக்கு அது அவலாகப் போயிற்று.

லோயிஸ் லெர்னர் விவகாரம் என்ன?

2013 மே 10. வாஷிங்டனில் வழக்கறிஞர்கள் கூட்டம் ஒன்று. கேள்வி நேரத்தில் ஒருவர் எழுந்து டீ பார்ட்டி விண்ணப்பங்கள் பற்றிக் கேட்கிறார். லெர்னர், தவறு நடந்துவிட்டது, மன்னிக்க வேண்டும் என்கிறார். அரங்கமே திகைக்கிறது. ஒரு வாரத்தில் உண்மை வெளியே வந்தது: அந்தக் கேள்வியைக் கேட்கச் சொன்னதே லெர்னர்தான். ஆய்வாளரின் அறிக்கை நான்கு நாளில் வரவிருந்தது. அதற்கு முன் தாங்களே சொன்னதாக இருக்கட்டும் என்ற கணக்கு. நாடாளுமன்றத்துக்குச் சொல்லாமல் வக்கீல்கள் கூட்டத்தில் சொன்னது வினையாகிவிட்டது. அன்றே செய்தியாளர்களிடம் எண்ணிக்கை பற்றிப் பேசும்போது 'எனக்குக் கணக்கு வராது' என்று வேறு சொல்லிவிட்டார். வரித்துறை அதிகாரி!

மே 22இல் பிரதிநிதிகள் சபையின் மேற்பார்வைக் குழு முன் வந்தவர், நான் எந்தத் தவறும் செய்யவில்லை என்று ஓர் அறிக்கை படித்தார். அப்புறம், தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லத் தேவையில்லை என்ற ஐந்தாவது திருத்தத்தைக் காட்டி வாய் திறக்க மறுத்தார். பேசிவிட்டு மறுப்பது செல்லுமா என்று பெரிய சண்டை. செப்டம்பரில் ஓய்வு பெற்றார். அடுத்த ஆண்டு மே மாதம் சபை 231-187 என்ற வாக்கில் அவரை அவமதிப்புக் குற்றவாளி என்றது. அரசு வழக்கறிஞர் 2015இல் அதை மேலே எடுத்துச்செல்ல மறுத்துவிட்டார்.

நடுவில் மின்னஞ்சல் கூத்து. லெர்னரின் கணினி வட்டு 2011 ஜூனில் பழுதாகி, அஞ்சல்கள் போய்விட்டன என்று 2014 ஜூனில்தான் துறை சொன்னது. அதற்குச் சில மாதம் முன்பு, மார்ச்சில், மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க்கில் 422 காப்பு நாடாக்களை ஊழியர்கள் அழித்திருந்தார்கள். எதையும் அழிக்கக்கூடாது என்ற உத்தரவு அப்போது நடைமுறையில் இருந்தது. வேண்டுமென்றே செய்ததற்குச் சான்றில்லை என்றார் தலைமை ஆய்வாளர். இருக்கலாம். ஆனால் பொதுமக்களில் யாராவது ரசீதைத் தொலைத்துவிட்டேன் என்று இதே துறையிடம் சொன்னால் விடுவார்களா என்று ஊரே கேட்டது.

வழக்குகள் எப்படி முடிந்தன?

2017 அக்டோபரில் இரண்டு பெரிய வழக்குகளில் சமரசம். ஒன்றில் துறை தன் நடத்தை தவறு என்று ஒப்புக்கொண்டு எழுத்தில் மன்னிப்புக் கேட்டது. மற்றொன்று 400க்கும் மேற்பட்ட அமைப்புகள் சேர்ந்த கூட்டு வழக்கு. அதில் 35 லட்சம் டாலர் கொடுக்க அரசு ஒப்புக்கொண்டது.

அதற்குப் பிறகாவது விதியைத் தெளிவாக்கினார்களா?

இல்லை. 2013 நவம்பரில் கருவூலத் துறை ஒரு வரைவை வெளியிட்டது. 1,50,000க்கும் மேல் கருத்துகள் வந்து குவிந்தன. டீ பார்ட்டிக்காரர்களும் எதிர்த்தார்கள், அவர்களோடு எதிலும் ஒத்துப்போகாத ஏ.சி.எல்.யு. என்ற குடிமக்கள் உரிமை அமைப்பும் எதிர்த்தது. வாக்காளர் பதிவு நடத்துவதைக்கூட அந்த வரைவு அரசியல் வேலை என்றது. 2014 மே மாதம் அதைத் திரும்பப் பெற்றார்கள். 2015 டிசம்பரில் நாடாளுமன்றம் பட்ஜெட் மசோதாவில் ஒரு வாசகம் சேர்த்தது: (சி)(4) பற்றிப் புது விதி எழுத வரித்துறை ஒரு காசும் செலவிடக்கூடாது. பிந்தைய பட்ஜெட்டுகளிலும் அந்த வாசகம் தொடர்ந்தது. அளவுகோல் இல்லை என்பதால் வந்த வினைக்கு, அளவுகோல் எழுதாதே என்று தீர்வு.

சில்லறை மாற்றங்கள் உண்டு. புதிதாகத் தொடங்கும் (சி)(4) அமைப்பு 60 நாளுக்குள் ஒரு சிறு அறிவிப்பு கொடுத்தால் போதும். 2020 முதல் நன்கொடையாளர் பெயரை வரித்துறைக்குக்கூடக் கொடுக்க வேண்டியதில்லை.

இதற்கு முன்பு இப்படி நடந்ததே இல்லையா?

நிறைய. கென்னடி காலத்தில், 1961இல், வலதுசாரி அமைப்புகளைக் குறிவைத்த தணிக்கைத் திட்டம் ஒன்று இருந்தது. நிக்சன் காலத்தில் 1969 முதல் 1973 வரை ஒரு ரகசியப் பிரிவே இயங்கியது. போர் எதிர்ப்பாளர்கள், கறுப்பின அமைப்புகள் என்று ஆயிரக்கணக்கான பேர் மீது கோப்பு திறந்தார்கள். 1972இல் எதிர்க்கட்சி வேட்பாளர் மெக்கவர்னின் ஆதரவாளர்கள் பட்டியலை வெள்ளை மாளிகை ஊழியர் ஜான் டீன் கொண்டுவந்து கொடுத்தபோது, வரித்துறைத் தலைவர் ஜானி வால்டர்ஸ் நிதியமைச்சர் ஜார்ஜ் ஷுல்ட்ஸிடம் கேட்டுவிட்டு, அதை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். ஒருவரையும் தணிக்கை செய்யவில்லை. அந்த மாதிரி அதிகாரிகளும் இருந்திருக்கிறார்கள்.

புஷ் காலத்தில் மாட்டியது இடதுசாரிப் பக்கம். 2004 தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு கலிபோர்னியாவின் பசடேனாவில் ஆல் செயின்ட்ஸ் தேவாலயத்தில், ஈராக் போரைக் கண்டித்து ஒரு பிரசங்கம். இன்னாருக்கு ஓட்டுப் போடு என்று பாதிரியார் சொல்லவில்லை. ஆனாலும் விசாரணை 2007 வரை இழுத்தது. தவறுதான், ஆனால் தண்டனை இல்லை என்று முடித்தார்கள். எது தவறு என்று தேவாலயம் கேட்டதற்கு விளக்கம் வரவில்லை.

அதிபரே ஓர் அமைப்பைத் தணிக்கை செய் என்று உத்தரவிட முடியுமா?

முடியாது. 1998இல் வரிச் சட்டத்தில் வந்த 7217ஆம் பிரிவு, அதிபரும் துணை அதிபரும் அவர்களின் அலுவலக ஊழியர்களும் குறிப்பிட்ட ஒருவரைத் தணிக்கை செய்யவோ, நடக்கும் தணிக்கையை நிறுத்தவோ வரித்துறையிடம் கேட்பதைக் குற்றமாக்கியது. 2025இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வரிவிலக்கைப் பறிக்கப்போவதாக டிரம்ப் வெளிப்படையாக எழுதியபோது இந்தப் பிரிவு மறுபடி பேச்சில் அடிபட்டது. 2013இல் தொண்டை கிழியக் கத்திய சிலர் இதில் மௌனம், அன்று மௌனமாக இருந்த சிலர் இப்போது கத்துகிறார்கள்.

அமெரிக்காவில் எங்கள் தமிழ்ச் சங்கம் 501(சி)(3). தேர்தல் நேரத்தில் என்ன செய்யலாம்?

தமிழ்ச் சங்கங்களும் தமிழ்ப் பள்ளிகளும் பெரும்பாலும் (சி)(3)தான், அதனால் 1954 தடை அப்படியே பொருந்தும். வரித்துறை 2007இல் 21 உதாரணச் சூழ்நிலைகளைப் போட்டு ஒரு விளக்கம் வெளியிட்டது. அதைச் செயலாளர் ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

வாக்காளர் பதிவு முகாம் கட்சி சாராமல் நடத்தலாம். பொங்கல் விழாவுக்கு வேட்பாளரை அழைக்கலாம், ஆனால் ஒருவரை மட்டும் மேடையேற்றி ஓட்டுக் கேட்க விட்டால் வம்பு. அழைத்தால் எல்லோருக்கும் ஒரே மாதிரி வாய்ப்பு. பதவியில் இருக்கும் கவுன்சிலர் கவுன்சிலராக வந்து வாழ்த்திவிட்டுப் போகலாம், தேர்தலைப் பற்றி வாய் திறக்காமல். தலைவர் தன் சொந்தப் பெயரில் யாரையும் ஆதரிக்கலாம், சங்கத்தின் மின்னஞ்சலிலோ செய்திமடலிலோ கூடாது. உறுப்பினர் பட்டியலை ஒரு வேட்பாளருக்கு மட்டும் சும்மா தூக்கிக் கொடுப்பதும் கூடாது.

2025 ஜூலையில் டெக்சாஸ் வழக்கு ஒன்றில், வழிபாட்டின்போது சபையாரிடம் சமயக் கண்ணோட்டத்தில் தேர்தலைப் பற்றிப் பேசுவது இந்தத் தடைக்குள் வராது என்று வரித்துறை தன் நிலையை எழுதிக் கொடுத்தது. அது வழிபாட்டுத் தலங்களைப் பற்றியது. சங்கத்துக்கும் சேர்த்துத்தான் என்று யாராவது பொதுக்குழுவில் வாதாடினால் நம்பிவிடாதீர்கள், முதலில் உங்கள் கணக்காளரைக் கேளுங்கள்.